பூக்காரியின் மதிய நடை

சர்க்கரையில் பூ செய்கிறவளுக்கே சர்க்கரை ஏறிவிட்டது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கேக் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிடித்துக்கொள்ள வயிறு நிறையவே இருந்தது. அதற்குள் ஆறு மாதத்துப் பிள்ளையும் இருந்தது.

பட்டறையில் அவளைப் பூக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண கேக்குகளின் மேல் உட்காரும் ரோஜாக்கள், அல்லிகள், பெயர் தெரியாத குட்டிப் பூக்கள் எல்லாம் அவள் கையிலிருந்து வந்தவை. சர்க்கரை மாவை அப்பளத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, இதழ் இதழாக வெட்டி, உள்ளங்கையில் வைத்து ஓரத்தைக் குண்டூசி மாதிரி உருண்ட தலையுள்ள ஒரு குச்சியால் நீவி நீவி மடக்குவாள். மாவு விரலில் ஒட்டாமலிருக்க இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பொடித்த சர்க்கரைத் தட்டில் விரலைத் தோய்த்துக்கொள்வாள். இதழ்கள் முட்டை அட்டையின் குழிகளில் கிடந்து காயும். காலையில் முக்காலியில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு ஒரு தரம், அவசரத்துக்கு இரண்டு தரம் எழுந்தால் உண்டு. இத்தனை வருடத்தில் ஒரு இதழைக்கூட அவள் வாயில் போட்டதில்லை. நாள் முழுக்க இனிப்பு வாசனையிலேயே கிடக்கிறவளுக்கு வீட்டுக்குப் போனதும் ஊறுகாய் பாட்டிலைத்தான் தேடத் தோன்றும்.

பருமன் அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே கூட வருவது. முக்காலி உடைந்தால் அவள் பெயரைச் சொல்லிச் சிரிப்பதும், அவள் அதற்கு முந்திக்கொண்டு தானே ஒரு கேலியைச் சொல்லி வாயை அடைப்பதும் பழகிப்போன விஷயம். பிள்ளை விஷயம் அப்படிப் பழகவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை தங்கி, தங்காமல் போனது. மூன்றாவதாக இது.

"சர்க்கரை கட்டுக்குள்ள வரலேன்னா பிள்ளை உள்ளேயே அளவுக்கு மீறி வளரும். பிரசவத்துல தோள் மாட்டும். சில சமயம் கடைசி மாசத்துல…" என்று சொன்ன டாக்டரம்மா வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முடிக்காத அந்தப் பாதி வாக்கியம்தான் அவள் நெஞ்சில் முள்ளாக உட்கார்ந்துகொண்டது.

"என்ன செய்யணும் டாக்டர்?"

"சாப்பாட்டை எப்படிப் பிரிச்சுச் சாப்பிடணும்னு நர்ஸ் சொல்வாங்க. அப்புறம் நடங்க. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு உட்காராம நடங்க."

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நடந்து, பிள்ளை பிறக்கறதுக்குள்ள எத்தனை கிலோ குறைக்க முடியும்?"

டாக்டரம்மா சிரித்தார். "யாரு குறைக்கச் சொன்னா? இப்ப எடை குறைக்கற நேரமே இல்ல. உங்க உடம்புல இன்சுலின் சுரக்குது. ஆனா அது சொல்றதை உங்க சதை காதுல வாங்கிக்க மாட்டேங்குது. காலுக்கு வேலை கொடுத்தா வாங்கிக்கும். சாப்பிட்டது ரத்தத்துல தேங்காம சதைக்குப் போய்ச் சேரும். தராசு அதே எண்ணைத்தான் காட்டும். உள்ளே நடக்கற மாற்றம் அதுக்குத் தெரியாது."

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் காட்டினால் எண் வரும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தரம், மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம் பார்க்கச் சொன்னார்கள்.

நடை அன்றைக்கே ஆரம்பித்தது. ஆரம்பித்து வைத்தது நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, துணிக்கடையில் விற்பனைப் பெண், இவர்களோடுதான் இருந்தாள். ஒட்டடைக் குச்சி மாதிரி உடம்பு, அதைவிட நீளமான நாக்கு.

"அண்ணி, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம். விழுந்தா நான் பிடிச்சுக்கறேன்."

"நீ பிடிப்பியா? நான் விழுந்தா உன்னைச் சுரண்டித்தான் எடுக்கணும்."

முதல் வாரம் தெருமுனையே எட்டாத தூரமாக இருந்தது. மூச்சு வாங்கியது. தொடைகள் உரசி எரிந்தன; ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாள். மாடியில் துணி உலர்த்துகிறவர்கள், சைக்கிளைத் துடைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் கைவேலையை நிறுத்திப் பார்ப்பதாகத் தோன்றியது. பார்த்தார்கள்தான். நாத்தனார் அவர்களை வெறிக்க வெறிக்கத் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது வாரத்தில் தெருமுனை தாண்டி மருந்துக்கடை, அப்புறம் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் நிற்காமல் அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதிப்பாள். மதியத்துக்குப் பட்டறையிலேயே ஒரு பாதை கண்டுபிடித்தாள். மாவு மூட்டை அறையிலிருந்து குளிர் அறையைத் தாண்டிப் பின் ஷட்டர் வரைக்கும் நீளமான ஒரு வழி. சாப்பிட்ட கையோடு அதில் போவதும் வருவதுமாக இருப்பாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருந்தார். முப்பது வருடமாக அனலில் நின்று புருவமே இல்லாமல் போனவர். அவள் கடக்கும்போதெல்லாம், "எக்ஸ்பிரஸ் வருது, வழி விடுங்க" என்று குரல் கொடுப்பார்.

உடம்பு மாறியது அவளுக்கே தெரிந்தது. படியேறினால் நெஞ்சு அடைப்பது நின்றது. ராத்திரி நடுவில் விழித்துக்கொள்ளாமல் தூங்கினாள். ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதாக நர்ஸ் சொன்னாள். காலை எண்ணும் தொண்ணூறுக்குக் கீழே வந்து நின்றது. எடை இறங்கவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

மதிய எண்தான் அவளைக் கொன்றது.

நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். நூற்றெழுபது வந்தது. அடுத்த நாள் இருநூற்றுப் பத்து. ஒரு நாள் நடையைக் கூட்டிப் பார்த்தாள், இருநூற்று நாற்பது. சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாள். வெறும் முட்டையும் வெள்ளரியும் தின்ற நாளிலும் மெஷின் இரக்கப்படவில்லை.

வீட்டுக்காரருக்குக் கடைசல் பட்டறையில் வேலை. நூலளவு பிசகினாலும் கடைந்த இரும்பைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிடுகிற மனிதர். அளவு கருவிகளைத் தவிர வேறு எதையும் முழுதாக நம்பமாட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு பழைய எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"லீவு நாள்ல பாரு. நூத்துப் பத்து, நூத்து அஞ்சு. வேலைக்குப் போற நாள்ல மட்டும் எகிறுது."

"நானும் பாத்தேன்."

"என்ன அர்த்தம்?"

அவள் தட்டைப் பார்த்தாள். பதிலை நாத்தனார் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அவளுக்கு எதையும் சொல்லாமல் அடக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கையில வேலை செய்யறப்ப ஒண்ணு ரெண்டு வாய்க்குப் போயிடும். துணிக்கடையில நான் நூலைப் பல்லால கடிக்கறதில்லையா? அது மாதிரி."

"நான் தொடறதில்ல."

"தெரியாமக்கூட—"

"தெரியாம எப்படி வாய்க்குப் போகும்? வாய் என்ன அடுத்தவங்க வாயா?"

"சரி சரி, கத்தாதே" என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். "மெஷினுக்கு உன் மேல என்ன விரோதமா? அது எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஒன்பது வருடத்தில் அவர் ஒரு நாள்கூட அவளுடைய தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவரில்லை. ஊரே பார்த்தபோதும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார். அவள் இரண்டாவது ரொட்டியை எடுக்காமலே எழுந்துவிட்டாள்.

டாக்டரம்மாவும் கேட்டார், அவர் முறையில். "வேலை பாக்கற இடத்துல ஏதாவது சாப்பிடற மாதிரி ஆகுதா? சொன்னா திட்ட மாட்டேன்." இல்லை என்றாள். டாக்டரம்மாவின் பார்வை அவளைத் தாண்டி வீட்டுக்காரரிடம் போய், அங்கேயிருந்து திரும்பி மேஜைக்கு வந்தது. காலை எண் நன்றாக இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கு முன் மட்டும் இன்சுலின் ஊசி என்று முடிவானது. பேனா மாதிரி ஒன்று. வயிற்றின் சதையைக் கிள்ளிப் பிடித்து, தானே குத்திக்கொள்ள வேண்டும்.

ஊசி வந்த பிறகு ஒரு புதிய தொல்லையும் வந்தது. மதிய நடையை முடித்து முக்காலியில் உட்காரும்போது விரல்கள் நடுங்கின. இதழின் ஓரத்தை நீவும் வேலைக்கு நடுங்கும் விரல் உதவாது. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பசிக்கும், சாதாரணப் பசியில்லை, யாரையாவது கடித்துவிடலாம் போன்ற பசி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அந்த நேரத்தில் குத்திப் பார்த்தாலும் மெஷின் இருநூற்றுக்குக் கீழே இறங்கவில்லை.

"நடையை நிறுத்து" என்றார் வீட்டுக்காரர். "நடக்க நடக்கத்தான் நடுங்குது. வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு யாராவது இப்படி அலைவாங்களா? ஏற்கெனவே ரெண்டு…" அவரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளைச் சுற்றி எல்லோரும் பாதி வாக்கியமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றிலும், அது ஒன்றுதான் அவள் உடம்பே ஆமாம் என்று சொன்ன விஷயம். மெஷின் அவளைத் திருடி என்கிறது; நடை முடிந்து நிற்கும்போது கால்கள் அப்படிச் சொல்லவில்லை.

எட்டாம் மாதம் ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்தது. ஐந்து அடுக்கு கேக். மேலிருந்து கீழ் வரைக்கும் சரிந்து இறங்கும் ரோஜாக் கொத்து. முதல் நாள்தான் டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டியிருந்தார். முதலாளியம்மா காலையிலிருந்தே ஐந்து தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மதியம் பூக்காரி ஊசியைக் குத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பாதி சாப்பிடுவதற்குள், கேக்கை அலங்கரிக்கிறவள் ஓடி வந்தாள்: மூன்றாவது அடுக்குக்கு நிறம் ஒத்துப்போகவில்லை, இன்னொரு கலவை மாவு உடனே வேண்டும். டப்பாவை மூடி வைத்துவிட்டு, குளுக்கோஸ் பாகு விட்டு மாவைப் பிசைந்து கொடுத்தாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சாப்பிடுவதற்குப் பதிலாக, நேரமாகிவிட்டதே என்று நடக்கப் போய்விட்டாள். வழக்கமான நடை. மாவு அறை, குளிர் அறை, ஷட்டர்.

"எக்ஸ்பிரஸ் இன்னைக்கு லேட்டு" என்றார் அடுப்பு அண்ணன்.

திரும்பி வந்து உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். கையிலிருந்த இதழ் கிழிந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் கிழிந்தது. நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அந்த அறையில் பூவுக்காக எப்போதும் குளிரைப் போட்டு வைத்திருப்பார்கள். அங்கே யாருக்கும் வியர்க்காது. உதட்டில் எறும்புகள். எழுந்து நிற்கப் பார்த்தாள், முழங்கால் பிடிகொடுக்கவில்லை. முட்டை அட்டை ஒன்று தரையில் விழுந்தது.

"அண்ணே" என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

அடுப்பு அண்ணன் ஓடி வந்தார். "என்னம்மா, வலியா? தண்ணி உடைஞ்சுதா?"

"இல்ல… மெஷின். பையில."

அவரே பஞ்சை எடுத்து அவள் விரலைத் துடைத்தார். அவரே குத்தினார். அவருடைய அம்மா சர்க்கரையில் கால் போனவர். அந்த மெஷின் அவருக்குப் புதிதில்லை. எண் வந்ததும் அவர் முகத்தில் இல்லாத புருவம் இரண்டும் மேலே ஏறின.

"இருநூத்து எண்பத்தாறு."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாரோ வண்டிக்கு ஓடினார்கள். அண்ணன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"எவ்வளவு?" என்றது அவர் குரல். பின்னால் கடைசல் இயந்திரம் கிறீச்சிட்டது.

"எண்பத்தாறு. இருநூத்து எண்பத்தாறு. ஆளு வேர்த்து ஊத்துது, கண்ணு சொருகுது."

"எதையும் குடுக்காதீங்க. பச்சைத் தண்ணி மட்டும் குடுங்க. நான் வர்றேன். அண்ணே, பிரிட்ஜுல அந்த ஊசி இருக்கும். இன்னொண்ணு போட்டா இறங்குமில்ல?"

"அதான் நானும் நினைச்சேன்."

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், நீருக்குள்ளிருந்து கேட்பது போல. அண்ணன் குளிர்ப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தரம் புரண்டது, பெரிய புரளல், பிறகு அசையவில்லை. விரலில் குத்திய இடத்தில் இன்னொரு சொட்டு ரத்தம் முட்டிக்கொண்டு நின்றது. ஊசி குத்திய விரலை எந்தப் பிள்ளையும் செய்கிற மாதிரி அவள் வாயில் வைத்துக்கொண்டாள்.

இனித்தது.

ரத்தம் உப்புக் கரிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இது இனித்தது. நாக்கில் வழுவழுவென்று, காலையிலிருந்து பிசைந்துகொண்டிருந்த அந்த மாவின் இனிப்பு. இன்னொரு விரலை வைத்தாள். அதுவும். ஒரு நொடி அவள் தலைக்குள் எல்லாம் பளிச்சென்று வெளுத்தது. மெஷின் பார்த்தது ரத்தத்தை இல்லை. பஞ்சு துடைத்தும் போகாமல் விரலில் ஒட்டியிருந்ததைத்தான் இத்தனை நாளும் அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. லீவு நாளில் விரலில் ஒன்றும் இருக்காது. காலையில் இருக்காது. அப்படியானால் இந்த நடுக்கம்…

"அண்ணே, ஊசி வேணாம்."

"ஒண்ணும் ஆகாதும்மா, சின்னக் குத்துதான்."

"எனக்குக் குறைஞ்சிருக்கு. ஏறல. சர்க்கரை குடுங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாவம், சர்க்கரைக்கே தவிக்குது பாரு" என்றாள் அலங்கரிக்கிறவள். போனிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "குடுக்காதீங்கண்ணே! அவ அப்படித்தான் கேப்பா!"

அவ அப்படித்தான் கேப்பா. மனசில் தைத்த அந்த வார்த்தைக்கு அப்போது வலிக்க நேரமில்லை. சுற்றி மூட்டை மூட்டையாகச் சர்க்கரை, தகர டின் நிறைய குளுக்கோஸ் பாகு, நாலு பக்கமும் அவள் நன்மைக்காக அவளுக்கு ஒரு கல் சர்க்கரை தராமல் நிற்கிற மனிதர்கள். அண்ணன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு குனிந்தார். அவள் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு பிசைந்த கை. நடுங்கினாலும் அதன் பிடியை அவரால் விடுவிக்க முடியவில்லை. வலது கையை மேஜையில் துழாவினாள். முட்டை அட்டை அகப்பட்டது. அதில் ஒரு வார வேலை காய்ந்துகொண்டிருந்தது.

அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

ரோஜா இதழ்கள் பல்லில் ஓடு மாதிரி நொறுங்கின. "ஐயோ, என் மூணாவது அடுக்கு!" என்று முதலாளியம்மா தன்னை மறந்து கத்தினாள். பூக்காரி இன்னொரு பிடி அள்ளினாள். கன்னமெல்லாம் இளஞ்சிவப்புத் தூள். அண்ணன் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டை விடவில்லை; இழுபறியில் பேனா கீழே விழுந்து உருண்டது. இத்தனை வருடம் தொட்டுப் பார்க்காத பண்டத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே மென்று மென்று விழுங்கினாள். ருசி தெரியவில்லை. பிள்ளையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: அசை, ஒரே ஒரு தரம் அசை.

"போச்சு" என்றார் யாரோ. "முந்நூறு தாண்டும் இப்ப."

போனில் வீட்டுக்காரர் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

முதலில் உதட்டிலிருந்து எறும்புகள் இறங்கின. பிறகு வியர்வை நின்றது. அறை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது: மேஜை, விளக்கு, அண்ணனின் பயந்த முகம். அவள் அவர் கையை விட்டாள்.

"அண்ணே, என்னைக் குழாய்க்குக் கூட்டிட்டுப் போங்க. சோப்பு எடுங்க."

நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள். சுத்தமான துணியில் துடைத்து, விரலை நீட்டினாள். அண்ணன் குத்தினார்.

ஐம்பத்தெட்டு.

அவர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். வேறு விரலில் குத்தினார். அறுபத்தொன்று. ஒரு பிடிப் பூ தின்ற பிறகு அறுபத்தொன்று! அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்ததும் அந்த மனிதர் அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கீழே உருண்டு கிடந்த பேனாவைக் காலால் தூரத் தள்ளினார், பாம்பைத் தள்ளுகிற மாதிரி.

"நான் போட்டிருப்பேனேம்மா" என்றார். "இன்னொரு நிமிஷம் விட்டிருந்தா போட்டிருப்பேன்."

"போடல இல்ல. அழாதீங்கண்ணே, அடுப்பு அணைஞ்சிடப் போகுது."

ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவள் வயிற்றின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். பிள்ளை அசையவில்லை. வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நிற்க, அவள் உள்ளங்கையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். வாசலில் கிரீஸ் கையோடு வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. படுக்கவைத்து, வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை இங்கே வைத்து, அங்கே நகர்த்தி, நர்ஸின் நெற்றி சுருங்கி, மறுபடி நகர்த்தி—

கிடுகிடுவென்று ஒரு சத்தம் அறையை நிறைத்தது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி.

"நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ். "தூங்கிட்டிருந்திருக்கும். இவ்வளவு கலாட்டாவுல." பூக்காரி அப்போதுதான் மூச்சை விட்டாள்.

டாக்டரம்மா கை நரம்பில் ரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து, ஊசியில்லாமல், சாப்பிடச் சொல்லி, தாழ்வாரத்தில் நடக்கச் சொல்லி, ஒவ்வொரு வேளையும் பார்த்தார். சாப்பிட்ட பிறகு நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. நடக்காமல் படுத்துவிட்ட ஒரே ஒரு மதியம் நூற்று நாற்பத்தொன்பது.

"அந்த மாவுல என்ன சேப்பீங்க?" என்று கேட்டார்.

"பொடிச்ச சர்க்கரை, கொஞ்சம் ஜெலட்டின், அப்புறம் வளையறதுக்கு குளுக்கோஸ் பாகு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மெஷின் தேடறதே குளுக்கோஸைத்தான். பஞ்சு கிருமியைப் பாத்துக்கும், ஒட்டின பாகை முழுசா எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் குத்துங்கன்னு நாங்க சொல்லியிருக்கணும். உங்க வேலை கேக் பட்டறைன்னு எனக்குத் தெரியும். கையில என்ன வேலைன்னு கேக்கல." சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். "ஊசி இனி வேணாம், இப்போதைக்கு. நடந்து நடந்து உங்க சதை பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிடுச்சு. அது மேல ஊசியும் போட்டோம், அதான் இப்படி. பிள்ளை அளவாத்தான் வளந்திருக்கு. ஆனா கடைசி வரைக்கும் கவனம் வேணும், இது இன்னும் முடியல."

"எடை?"

"ஒரு கிலோ கூடியிருக்கு. பிள்ளைக்கு."

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நாத்தனார் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை முதல் முறையாக அன்றுதான் பார்க்க முடிந்தது. கடைசியில், "அண்ணி, என்னை ரெண்டு அறை வேணா அறைஞ்சிடுங்க" என்றாள்.

"உன்னை அறைஞ்சா என் கைதான் முறியும். உள்ள போய்த் தண்ணி கொண்டா."

அவள் துவைக்கப் போட்டிருந்த ஏப்ரனின் பையில் காய்ந்து போன ஒரு துண்டு சர்க்கரை மாவு இருந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் போய் உட்கார்ந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலில் குத்திப் பார்த்தார். தொண்ணூற்றாறு. பிறகு மாவுத் துண்டை எச்சில் படாமல் சொட்டுத் தண்ணீரில் நனைத்து இன்னொரு விரலில் தேய்த்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். நன்றாகவே துடைத்தார். குத்தினார். முந்நூற்று நான்கு. அடுத்த விரல். இருநூற்று எழுபது. அவள் வாசல்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா விரலையும் குத்தி முடித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"மெஷின் பொய் சொல்லல" என்றார். "விரல்ல இருந்ததைச் சொல்லியிருக்கு."

"நானும் பொய் சொல்லல."

"ம்."

"மெஷினை அத்தனை தரம் கேட்டீங்க. என்னை ஒரு தரம் கேட்டீங்க, அதுவும் பதிலை நீங்களே வெச்சுக்கிட்டு."

அவர் குத்திய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். இந்த முறை அவர் வாக்கியத்தை முடித்தார். "நான் சொன்னதை அவங்க கேட்டிருந்தா நீயும் இல்ல, அதுவும் இல்ல."

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை; வந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவர் அவளுடைய தட்டைப் பார்க்கவில்லை. அவள் இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். வீங்கிய கால், கொஞ்சம் நேரம் பிடித்தது.

"எங்க, இப்பத்தான வந்தே" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு எழுந்தார். "இரு, நானும் வர்றேன்."

"வாங்க. ஆனா முன்னாடி ஓடாதீங்க, பின்னாடி தங்கவும் தங்காதீங்க. நான் நிக்க மாட்டேன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தானும் மிதிக்க ஆரம்பித்தார். சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாதி வண்டி போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை.